பச்சை டப்பா கம்பெனியும் உங்கள் கேள்விகளும்

போன மாதம் இந்தப் பகுதியில், மும்பை ஃபோர்ட் போரா பஜார் கேமரா கடைகளில் இப்போதெல்லாம் ஃபிலிம் ரோல் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள் என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கம்பெனியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க ஜப்பானின் ஃபுஜிஃபிலிம். கலர் லேபில் வருஷக்கணக்காகக் குப்பை கொட்டியவன் என்பதால் சில இடங்களில் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாசகி, செம்பூர்: முட்டி வலிக்கு எடுத்த எக்ஸ்ரேயின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஃபுஜிஃபிலிம் என்று இருக்கிறது. மருமகள் ஜப்பானிலிருந்து வாங்கி வந்த முக க்ரீமிலும் அதே பெயர். ரெண்டும் ஒரே கம்பெனியா, இல்லை பெயரை யாராவது திருடிவிட்டார்களா?

ஒரே கம்பெனிதாம்மா, திருட்டெல்லாம் ஒன்றும் இல்லை. ஃபுஜி என்றாலே நமக்குக் கல்யாண வீட்டுப் பச்சை டப்பா ரோல்தான் ஞாபகம் வருகிறது, ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரி பக்கம் வந்தது நேற்று இன்றில்லை. 1934 ஜனவரியில் கம்பெனி தொடங்கியது, 1936-லேயே எக்ஸ்ரே ஃபிலிம் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். சொந்தமாக ஒரு கேமரா செய்து விற்றது 1948-ல்தான்.

முன்பெல்லாம் எக்ஸ்ரே எடுத்தால் இருட்டறையில் டெவலப்பர், ஹைப்போ என்று முக்கி எடுத்து, கிளிப்பில் தொங்கவிட்டு, அவசரக்காரர்களுக்கு ஈரத்தோடேயே கையில் கொடுப்பார்கள், விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே டாக்டர் அறைக்கு ஓட வேண்டும். இப்போது நிறைய சின்ன சென்டர்களில் முட்டிக்குக் கீழே ஒரு தட்டையான கேசட்டை வைத்து எடுத்துவிட்டு, அதைக் கொண்டுபோய் ஒரு மெஷின் வாயில் செருகுவார்கள், கவனித்திருப்பீர்கள். அந்தக் கேசட்டுக்குள் ஃபிலிம் கிடையாது. எக்ஸ்ரே கதிரைத் தன்னுள் தேக்கி வைத்துக்கொள்கிற ஒரு பாஸ்பர் தகடு இருக்கிறது. மெஷினுக்குள் லேசர் அதன்மேல் ஓடும்போது, தேங்கியதெல்லாம் வெளிச்சமாக வெளியே வரும், அதை அளந்து கம்ப்யூட்டர் படமாக்கும், தகட்டை அழித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் பயன்படுத்தலாம். டெக்னீஷியன்கள் சி.ஆர். என்று சொல்வது இதைத்தான். உலகத்திலேயே இதை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தது ஃபுஜி, 1983-ல். ஃபிலிம் விற்றுச் சாப்பிடுகிற கம்பெனி, எக்ஸ்ரே எடுக்க ஃபிலிமே தேவையில்லை என்கிற மெஷினைத் தானே செய்து விற்றிருக்கிறது, அதுவும் ஃபிலிம் சக்கைப்போடு போட்ட காலத்தில். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி பதில் கிடைத்துவிடும்.

வாசகர், முலுண்ட்: ஃபிலிம் செய்கிறவனுக்கு மூஞ்சி க்ரீம் எப்படி சார் வரும்? காதில் பூ சுற்றுகிறார்களா?

பாதி பூ, பாதி நிஜம். முதலில் நிஜத்தைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு கலர் ஃபிலிமைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அடியில் ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாள், டி.ஏ.சி. என்பார்கள், மரக்கூழ், பஞ்சு வகையறா செல்லுலோஸிலிருந்து செய்வது. அதற்கு மேலே ஏறக்குறைய 20 அடுக்கு பூச்சு. நீலத்துக்கு, பச்சைக்கு, சிவப்புக்கு என்று தனித்தனி அடுக்குகள், நடுவில் வடிகட்டி அடுக்கு, மேலே கீறல் படாமலிருக்க ஒன்று. இத்தனையும் சேர்ந்து ஒரு தலைமுடியின் கனம்கூட வராது. அதை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான தாளில், வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, கும்மிருட்டில், ஒரு தூசி விழாமல், ஓர் இடத்தில்கூட அடுக்கு தடித்தோ மெலிந்தோ போகாமல் பூச வேண்டும். ஆலையில் வேலை பார்க்கிறவன் தான் செய்வதைக் கண்ணால் பார்க்கவே முடியாது, பார்க்க வெளிச்சம் வந்தால் சரக்கு போச்சு. உலகத்தில் கலர் ஃபிலிமை உருப்படியாகச் செய்தவர்கள் கோடாக், ஃபுஜி, ஆக்ஃபா, கோனிக்கா என்று விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருந்தார்கள், காரணம் இதுதான்.

இந்த அடுக்குகளில் வெள்ளி உப்புத் துகள்களைப் பிடித்து வைத்திருப்பது ஜெலட்டின். ஜெலட்டின் என்பது மாட்டெலும்பு, தோலிலிருந்து எடுக்கிற கொலாஜன் என்ற புரதம். (மும்பையில் எத்தனை சுத்த சைவக் குடும்பங்கள் சாமி ஊர்வலத்தை இந்த ஜெலட்டினில் படம் பிடித்து வைத்திருக்கின்றன என்று நினைத்தால் சிரிப்பு வரும்.) நம் தோலுக்குள் இருப்பதும் கொலாஜன்தான். அடுத்தது, படம் வெளுப்பது. வெயில் பட்டு ஆல்பத்தில் சாயம் போவதற்கு ஆக்ஸிஜனேற்றம் ஒரு முக்கியக் காரணம், நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப் போகிறதே அந்த மாதிரி சமாசாரம். தோல் சுருங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. சாயம் போகாமல் தடுக்க ஃபுஜி பல வருஷமாக ஆயிரக்கணக்கான வேதிப் பொருள்களைச் சோதித்து வைத்திருந்தது. மூன்றாவதாக, எண்ணெயில் கரைகிற சாயப் பொருளை மிகமிகச் சின்னத் துளிகளாக உடைத்து ஜெலட்டினுக்குள் கலக்கிற வித்தையும் அவர்கள் கையில் இருந்தது. மூன்றையும் சேர்த்து 2006-ல் அழகுப் பொருள் தொழிலில் இறங்கினார்கள், 2007-ல் ஆஸ்டாலிஃப்ட் என்ற பெயரில் க்ரீம் வந்தது. அதில் சிவப்பாக இருப்பது ஆஸ்டாஸாந்தின், இறால், சால்மன் மீனுக்குச் செந்நிறம் கொடுக்கிற அதே பொருள்.

இப்போது பூ. கொலாஜனை மேலே தடவினால் அது தோலுக்குள் போய் உங்கள் கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், தோல் ஈரமாக இருக்க உதவும், அவ்வளவுதான். அப்புறம், நிர்வாகப் படிப்பு வகுப்பிலும் வாட்ஸப்பிலும் சுற்றுகிற கதையில் க்ரீம்தான் கம்பெனியைக் காப்பாற்றியது போல இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்குச் சோறு போட்டது வேறு, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வாசகர், தாராவி: அண்ணா, கோடாக் டிஜிட்டல் வருவதைப் பார்க்காமல் தூங்கியது, ஃபுஜி விழித்துக்கொண்டது, இதுதானே கதை?

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் தம்பி, ஆனால் கோடாக் தூங்கவில்லை. டிஜிட்டல் கேமராவை முதலில் செய்ததே 1975-ல் கோடாக்கின் ஸ்டீவ் சாசன்தான், ஆடியோ கேசட்டில் படத்தைப் பதிகிற மூன்றரைக் கிலோ பெட்டி அது. ஃபுஜியும் 1988-ல் மெமரி கார்டில் பதிகிற கேமரா ஒன்றைக் காட்டியது. இரண்டு பேருக்குமே என்ன வரப்போகிறது என்று தெரியும். 1980 ஜனவரியில் வெள்ளி விலை அவுன்ஸுக்கு 50 டாலரைத் தொடப் போனபோதே, வெள்ளியை நம்பிப் பிழைக்கிற இந்தத் தொழிலில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கிவிட்டது.

வேறு தொழிலுக்குப் போகவில்லை என்பதும் சரியில்லை. கோடாக் 1988-ல் ஸ்டெர்லிங் என்ற மருந்துக் கம்பெனியை 510 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 1994-ல் விற்றுவிட்டது. அதே வருஷம் ஈஸ்ட்மன் கெமிக்கல் என்ற தன் சொந்த ரசாயனப் பிரிவைத் தனியாகப் பிரித்து விட்டது, அது இன்றைக்கும் நன்றாக ஓடுகிறது. 2007-ல் எக்ஸ்ரே, மருத்துவப் படப் பிரிவையும் விற்றது. ஒவ்வொரு முறையும் கையில் பணம் வந்தது, ஆனால் நாளைக்குச் சோறு போடக்கூடிய பிரிவு கையை விட்டுப் போனது. 2012 ஜனவரியில் திவால் மனு. ஃபுஜியோ 2008-ல் தொயாமா என்ற மருந்துக் கம்பெனியை வாங்கியது, 2012-ல் சோனோசைட் என்ற அல்ட்ராசவுண்ட் கம்பெனியை வாங்கி முடித்தது. 2021-ல் ஹிட்டாச்சியின் சி.டி., எம்.ஆர்.ஐ. பிரிவையும் எடுத்துக்கொண்டது. ஒருத்தர் விற்றுக்கொண்டே போன சாமானை இன்னொருத்தர் தேடித்தேடி வாங்கியிருக்கிறார்.

ஃபிலிம் விற்பனை உச்சத்தில் இருந்தது 2000-ல். அதற்கப்புறம் வருஷத்துக்கு இருபது முப்பது சதவீதம் என்று சரிந்து, பத்தே வருஷத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. எங்கள் லேபில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து குவிகிற ரோல்களைத் திங்கள் கழுவி முடிக்க முடியாது, மெஷினில் கெமிக்கல் சூடு ஏறும் முன்பே வாசலில் ஸ்டுடியோக்காரப் பையன்கள் டோக்கனோடு நிற்பார்கள். அப்புறம் அதே மெஷினை ஓட்டுவதற்குப் போதுமான ரோல் சேருகிற வரை காத்திருக்க வேண்டிய நிலை வந்தது, கெமிக்கல் ஓடாமல் கிடந்தால் அதுவும் கெட்டுப்போகும். சின்னக் கடைக்கே இப்படியென்றால் ஆலைக்கு எப்படி இருந்திருக்கும்!

அப்போது ஃபுஜியின் தலைவர் ஷிகெதாகா கோமோரி. 2000-ல் பிரெசிடென்ட் ஆனவர். எஞ்சினியர்களைக் கூப்பிட்டு, நம் கையில் என்னென்ன வித்தை இருக்கிறது, அது வேறு யாருக்குத் தேவை என்று ஒரு கணக்கு எடுக்கச் சொன்னார். 2004-ல் விஷன் 75 என்று ஒரு திட்டம் போட்டார். நான் முன்னே சொன்ன டி.ஏ.சி. தாள் இருக்கிறதே, எல்.சி.டி. திரையில் வெளிச்சத்தை வடிகட்டுகிற போலரைசர் என்ற தாளின் இரண்டு பக்கமும் அதைத்தான் ஒட்டுவார்கள். தட்டை டிவி வீட்டுக்கு வீடு வரப்போகிறது என்று கணக்குப் போட்டு, ஃபிலிம் விழுந்துகொண்டிருந்த அந்த நேரத்திலேயே கியூஷூ தீவில் புதிதாக ஆலை கட்டி அதில் பணத்தைக் கொட்டினார்கள். டோம்பிவிலி ஒன் பிஎச்கே முதல் பாந்த்ரா பங்களா வரை சுவரில் டிவி மாட்டியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து, தெரியாமலேயே, ஃபுஜிக்குக் கப்பம் கட்டியிருக்கிறோம்.

இன்னொன்று ஜெராக்ஸ். ஃபுஜி ஜெராக்ஸ் என்று 1962-லிருந்து ஒரு கூட்டுக் கம்பெனி, பாதிப் பங்கு ஃபுஜிக்கு. 2001-ல் அதை 75 சதவீதமாக உயர்த்திக்கொண்டார்கள். ஃபிலிம் சரிந்த வருஷங்களில் மாதா மாதம் தவறாமல் வருமானம் கொடுத்தது ஆபீஸ் மூலையில் நிற்கிற அந்த ஜெராக்ஸ் மெஷின்தான். எந்த மேடையிலும் இதை யாரும் சொல்ல மாட்டார்கள், க்ரீம் அளவுக்குச் சுவாரசியம் இல்லையே.

அதற்காக இதை ஏதோ தர்ம காரியம் போலவும் சொல்லிவிடக் கூடாது. 2006 ஜனவரியில் ஃபோட்டோ பிரிவில் 5,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தார்கள். லேப்களை, விற்பனைக் கிளைகளை மூடினார்கள். கையில் பணம் இருக்கும்போதே வெட்டினார்கள், அதனால் வெட்டியதற்கு ஈட்டுத் தொகை கொடுக்கவும் மிச்சத்தில் கம்பெனிகள் வாங்கவும் முடிந்தது. கோடாக் வெட்டிய காலத்தில் கஜானா காலியாகிக்கொண்டிருந்தது.

வாசகர், காட்கோபர்: ஜெராக்ஸ் கம்பெனியையே மொத்தமாக வாங்கப் போனார்களாமே?

போனார்கள், 2018 ஜனவரியில், ஆனால் மொத்தமாக இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே பங்கு கேட்டு. கார்ல் ஐகான் மாதிரிப் பெரிய பங்குதாரர்கள் விலை போதாது என்று குறுக்கே விழ, மே மாதம் ஜெராக்ஸ் பின்வாங்கியது, கோர்ட்டு கேஸ் என்று கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் 2019 நவம்பரில், கூட்டுக் கம்பெனியில் ஜெராக்ஸிடம் மிச்சமிருந்த 25 சதவீதத்தையும் சேர்த்து சுமார் 230 கோடி டாலருக்கு ஃபுஜி வாங்கிக்கொண்டு விவகாரத்தை முடித்தது. 2021 ஏப்ரலில் பெயரையும் மாற்றிவிட்டார்கள். நான் கேட்டால் ஃபுஜிக்குத்தான் லாபம் என்பேன்.

வாசகி, ஐரோலி: எங்கள் டேட்டா சென்டரில் பேக்கப் டேப்பில் இந்தப் பெயரைப் பார்க்கிறேன். இந்தக் காலத்தில் யார் சார் டேப் வைத்துக்கொள்கிறார்கள்?

நீங்களே வைத்திருக்கிறீர்களே! காலி கேசட்டைக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பதிந்து வாங்கின காலத்திலிருந்தே ஃபுஜி டேப் செய்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் நாடாவில் காந்தத் துகளைச் சீராகப் பூசுவது, ஃபிலிமில் வெள்ளி பூசுகிறவனுக்குக் கை வந்த வேலை. உங்கள் டேப் அலமாரியில் எல்.டி.ஓ. என்ற பேக்கப் டேப் வகையின் 9-வது தலைமுறை கேட்ரிட்ஜ் இருந்தால், அந்த உள்ளங்கை அளவு டப்பாவுக்குள் ஒரு கிலோமீட்டருக்கும் நீளமான நாடா சுற்றியிருக்கிறது, கனம் 5 மைக்ரான் சொச்சம், கொள்ளளவு 18 டெராபைட். துகள் பேரியம் ஃபெரைட். அது முன்னமே ஆக்ஸைடாக இருப்பதால் மேற்கொண்டு துருப்பிடிக்காது, அதனால்தான் பல வருஷம் தாங்கும் என்கிறார்கள். அலமாரியில் கிடக்கும்போது கரண்ட் தேவையில்லை, நெட்வொர்க்கில் இல்லாததால் ஹேக்கர் கைக்கும் எட்டாது. இந்த நாடாவைச் செய்ய உலகத்தில் இப்போது ஃபுஜியையும் சோனியையும் விட்டால் ஆளில்லை.

வாசகர், கல்யாண்: கொரோனாவில் டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபேபிஃப்ளூ மாத்திரையும் ஃபுஜி கண்டுபிடிப்பு என்று ஒருத்தர் சொன்னார். உண்மையா?

உண்மைதான், ஆனால் பெருமைப்பட அதிகம் இல்லை. ஃபேவிபிராவிர் என்ற மருந்தைக் கண்டுபிடித்தது தொயாமா கம்பெனி, ஃபுஜி 2008-ல் வாங்கியதென்று சொன்னேனே அதே கம்பெனி. ஜப்பானில் அதற்கு ஆவிகன் என்று பெயர். 2014-ல் அனுமதி கிடைத்தது, அதுவும் புது வகை ஃப்ளூ பரவி வேறு மருந்து கேட்காவிட்டால் மட்டும் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு. வயிற்றில் இருக்கிற குழந்தைக்கு ஊனம் ஏற்படுத்தலாம் என்பதால் கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.

இங்கே 2020 ஜூனில் நம் மும்பை க்ளென்மார்க் அதைத் தயாரித்து ஃபேபிஃப்ளூ என்று விட்டது. மாத்திரை 103 ரூபாய். 200 மில்லிகிராம் மாத்திரையில் முதல் நாள் காலை 9, ராத்திரி 9 விழுங்க வேண்டும், ஞாபகம் இருக்கிறதா? மாத்திரையைச் சாப்பிட்டே வயிறு நிறைந்துவிடும் என்று அந்தச் சமயத்தில் ஜோக்கடித்தவர்கள் உண்டு. பிறகு வெளிநாடுகளில் முறைப்படி நடந்த சோதனையில் கொரோனாவுக்குப் பெரிதாகப் பலன் தெரியவில்லை, 2022 அக்டோபரில் ஃபுஜி அந்த முயற்சியைக் கைவிட்டது. மருந்துத் தொழிலில் அவர்களுடைய நிஜமான பலம் இதில் இல்லை, மற்ற கம்பெனிகள் கண்டுபிடிக்கிற உயிரி மருந்துகளைக் கூலிக்குத் தயாரித்துக் கொடுப்பதில் இருக்கிறது. 2011-ல் மெர்க்கிடமிருந்து அந்த ஆலைகளை வாங்கியவர்கள் இன்றுவரை அதில்தான் பணத்தைப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வாசகர், அம்பர்நாத்: எனக்குச் சொந்த ஊர் குன்னூர். ஊட்டியில் நம் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸும் இதே தொழில்தானே செய்தது. அது மட்டும் ஏன் இப்படி ஆகிவிட்டது?

இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃபுஜி ஆலை இருக்கிற அஷிகாராவும் நம் ஊட்டியும் ஒரே காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடங்கள், தூசி இல்லாத காற்று, சுத்தமான தண்ணீர். ஃபுஜியின் ஆலை ஹகோனே மலையடிவாரத்தில் இருக்கிறது, நம் ஆலை நீலகிரியில். 1960-ல் கம்பெனியைத் தொடங்கி, ஒரு ஃபிரெஞ்சு கம்பெனியின் நுட்பத்தோடு 1967-ல் உற்பத்திக்கு வந்தது. இந்து என்ற பெயரில் ஃபிலிம், பிரிண்ட் போடுகிற பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் வந்தன. ஒரு காலத்தில் பாஸ்போர்ட் சைஸ் படம் முதல் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே வரை இந்துதான். பழைய ஸ்டுடியோ வைத்திருப்பவர்களைக் கேளுங்கள், அந்தப் பேப்பர் டப்பாவில் இன்னமும் ரசீது புத்தகம் போட்டு வைத்திருப்பார்கள்.

சோம்பேறித்தனம், அரசு உத்தியோகம், யூனியன் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு, எனக்கு அதில் சம்மதம் இல்லை. கறுப்பு வெள்ளையில்தான் அவர்கள் பலம் இருந்தது. எண்பதுகளில் நாடே கலருக்கு மாறியபோது கலரை அடியிலிருந்து சொந்தமாகப் பூசுகிற நிலைக்கு அவர்கள் வரவில்லை, வெளிநாட்டிலிருந்து பெரிய ரோலாக வாங்கி இங்கே வெட்டி டப்பாவில் அடைத்தார்கள். மேலே பார்த்தீர்களே, அந்த 20 அடுக்கைப் பூசத் தெரிந்தவனுக்குத்தான் நாளைக்கு டிவி தாளும் பேக்கப் டேப்பும் வரும், வெட்டி அடைக்கிறவனுக்கு எங்கிருந்து வரும்? அப்புறம் எக்ஸ்ரே ஃபிலிமுக்கென்று புதிதாகப் பெரிய ஆலை கட்டக் கடன் வாங்கினார்கள், செலவு இழுத்துக்கொண்டே போனது, அது தயாராகிற நேரத்தில் இறக்குமதி வரி குறைந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கியது. வட்டி மேல் வட்டி ஏறியது. தொண்ணூறுகளிலேயே நலிவடைந்த கம்பெனிப் பட்டியலில் சேர்ந்து, வருஷக்கணக்காக இழுபறியாகி, கடைசியில் விருப்ப ஓய்வு கொடுத்து மூடிவிட்டார்கள்.

ஃபுஜிக்கும் 1934-ல் அரசாங்கத்தின் கைத்தாங்கல் இருந்தது, உள்நாட்டுச் சந்தை பல காலம் பாதுகாப்பாகவே இருந்தது. 1995-ல் கோடாக் அமெரிக்க அரசாங்கத்திடம் போய், ஜப்பான் சந்தைக்குள் எங்களை விட மாட்டேன் என்கிறார்கள் என்று அழுது, வழக்கு உலக வர்த்தக அமைப்பு வரை போய் 1998-ல் ஜப்பான் பக்கம் தீர்ப்பானது. ஆனால் அந்தப் பாதுகாப்பு இருந்த வருஷங்களில் ஃபுஜி சும்மா இருக்கவில்லை, 1976-லேயே, வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கக்கூடிய 400 வேகத்தில் கலர் நெகட்டிவ் விட்டுக் கோடாக்கை முந்தினார்கள். நமக்கும் பாதுகாப்பு இருந்தது. ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டிய பணமும் அதிகாரமும் ஊட்டிக்குப் போகவில்லை, எல்லா முடிவும் டெல்லியில் ஃபைலாகக் கிடந்தது. வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

வாசகர், சயான் கோலிவாடா: என் அப்பா தாட்தேவ் பக்கம் ஒரு சினிமா லேபில் நெகட்டிவ் கழுவியவர். ஃபுஜி சினிமா ஃபிலிமை ஏன் விட்டது?

2012 செப்டம்பரில் அறிவித்து 2013 மார்ச்சோடு நிறுத்தினார்கள். உங்கள் அப்பாவிடம் கேட்டால் சொல்வார், லேபுக்குக் காசு நெகட்டிவில் இல்லை, பாசிட்டிவில்தான். ஒரு படத்தை எடுக்க எத்தனை நெகட்டிவ் ஓடினாலும், தியேட்டருக்குத் தியேட்டர் அனுப்ப நூற்றுக்கணக்கில் பிரிண்ட், ஒவ்வொரு பிரிண்டுக்கும் பதினைந்து பதினாறு ரீல் என்று போடும்போதுதான் கிலோமீட்டர் கணக்கில் ஃபிலிம் போகும். மும்பையின் யு.எஃப்.ஓ.வும் சென்னையிலிருந்து வந்த கியூபும் தியேட்டர்களில் டிஜிட்டல் பெட்டியை வைத்ததும் அந்த பிரிண்ட் வியாபாரம் படுத்துவிட்டது, மிச்சமிருக்கிற நெகட்டிவுக்காக மட்டும் அவ்வளவு பெரிய ஆலையை ஓட்ட முடியாது. கோடாக் மட்டும் ஹாலிவுட் ஸ்டுடியோக்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு தொடர்கிறது. ஃபுஜி அப்போது விட்டு வைத்தது ஒன்றே ஒன்று, படத்தைக் காலாகாலத்துக்குப் பத்திரப்படுத்துவதற்கான கறுப்பு வெள்ளை ஃபிலிம். கலர் படத்தை மூன்று நிறமாகப் பிரித்து, மூன்று கறுப்பு வெள்ளைப் பிரதியாக அதில் எடுத்து வைப்பார்கள், சாயம் இல்லாததால் வெளுக்காது. விற்பனைக்காக அதை விட்டு வைத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வாசகி, டோம்பிவிலி: காலேஜ் பிள்ளைகள் கையில் பொம்மை மாதிரி ஒரு கேமரா, உடனே படம் வருகிறது. அதுவும் இவர்களா?

இவர்களேதான், இன்ஸ்டாக்ஸ். 1998-ல் வந்தது, நன்றாகப் போய், கேமரா ஃபோன் வந்ததும் வருஷத்துக்கு 1 லட்சம் என்ற அளவுக்கு விழுந்தது. மூட வேண்டியதை ஏதோ காரணத்தால் மூடாமல் விட்டார்கள். கொரியா பக்கம் டிவி தொடரில் தலைகாட்டியதும் இளசுகள் பிடித்துக்கொண்டார்கள், 2018 வாக்கில் வருஷத்துக்கு 1 கோடி. இப்போது ஃபுஜியின் மொத்த வருமானம் சுமார் 3 லட்சம் கோடி யென், அதில் மூன்றில் ஒரு பங்கு மருத்துவம், ஃபோட்டோ பிரிவு சின்னதுதான், ஆனால் லாபம் கொழிக்கிற பிரிவு அது. கேமரா வாங்கித் தருவது பெரிதில்லை, பத்துப் பத்தாக வாங்கும் ஃபிலிம் பாக்கெட்டில்தான் உங்கள் பர்ஸ் காலியாகும், முன்கூட்டியே பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள்.

வாசகர், மாட்டுங்கா: பீரோவில் 2003 தேதி போட்ட ஃபுஜி 200 ரோல் ஒன்று பிரிக்காமல் கிடக்கிறது. எடுத்தால் படம் வருமா?

வரும், ஆனால் நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நிழல் பகுதியில் பொரிபொரியாகத் தெரியும். மும்பைப் புழுக்கத்தில் பீரோவில் இருந்த ரோலுக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரண்டு மடங்கு, என்பது லேப்காரர்கள் கணக்கு, அதனால் கேமராவில் 200 என்று வைக்காமல் 50-ல் வைத்து, நல்ல வெயிலில் எடுங்கள். கழுவக் கொடுக்கும்போது சி-41 (கலர் நெகட்டிவ் கழுவுகிற முறை) என்று சொல்லி, பழைய ரோல் என்பதையும் சொல்லிவிடுங்கள். முக்கியமான விசேஷத்துக்கு அதை நம்பாதீர்கள். புது ரோல் வாங்குவதானால் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், இப்போது வருகிற ஃபுஜி 200-ல் அமெரிக்கத் தயாரிப்பு என்று போட்டிருக்கும், அமெரிக்காவில் கலர் ஃபிலிம் பெரிய அளவில் பூசுகிற ஆலை யாருடையது என்று உங்களுக்கே தெரியும். விமானத்தில் எடுத்துப் போனால் ரோலை ஸ்கேனரில் விடாமல் கையில் சோதிக்கச் சொல்லுங்கள், புது சி.டி. ஸ்கேனர்கள் ஒரே தடவையில் ஃபிலிமைப் பாழாக்கிவிடும்.